ஸ்கோப்பில் கோளாறா, பூட்டியதில் கோளாறா?

மான் பருவம் திறக்க ஒரு வாரம் இருந்தது. திடலில் ஒரு தம்பி ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "அண்ணை, இந்த ஸ்கோப் சரிவராது. திருப்பி அனுப்பப் போறன்." முந்தின வாரம் 100 மீட்டரில் நடுவில் விழுந்த குண்டுகள் அன்று ஒரு சாண் தள்ளி இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்தன. ரைஃபிளின் மேல் பூட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். நான் அதைத் தொடவில்லை. அதன் அடியில், அதைத் தாங்கிப் பிடிக்கும் பேஸ் என்ற தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அசைந்தது. முன்பக்கத்து ஸ்குரூ இரண்டும் கையாலேயே திரும்பின.

கேட்டால் கடைக்காரர்தான் பூட்டிக் கொடுத்தாராம். சரி, கடைக்காரரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இப்படி ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. மீதிப் பேரில் பலர், நல்ல ஸ்கோப்பைத் தப்பான வேலைக்கு வாங்கியவர்கள். அதனால் எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், இப்போது இருப்பது உனக்கு என்ன தொல்லை தருகிறது என்றுதான் திருப்பிக் கேட்பேன். அந்தத் தொல்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நான் சொல்வதெல்லாம் கனடாவின் ஒன்டாரியோவில் பழகியதை வைத்து. இங்கே ஒட்டாவா அருகே கன்னாட் திடலில் 300 முதல் 900 மீட்டர் வரை சுடுகிறார்கள். வேட்டையோ நவம்பர் குளிரில், மரம் அடர்ந்த காட்டில், பல நேரம் 100 மீட்டருக்கும் உள்ளே முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே ஸ்கோப்பை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பதில்தான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது. இந்தியாவில் சுட்டுப் பழகிவிட்டு வந்தவர்களுக்கும் இது புதிதாகத்தான் இருக்கும். அங்கே 10 மீட்டர், 50 மீட்டர் போட்டி ரைஃபிள்களில் இருப்பது துளை வழியாகப் பார்க்கும் சைட். ஸ்கோப்புக்கு அங்கே அனுமதி இல்லை.

கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் முன்னால் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வீட்டு மேசையில் ஸ்குரூ முடுக்கும்போதும் இதே முறைதான்.

பெயர்களையும் அளவுகளையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள் ரெட்டிகிள். குறியை நகர்த்த வெளியே இருக்கும் குமிழ் டரட், அது ஒரு பல் திரும்பினால் ஒரு கிளிக். மில்லும் எம்.ஓ.ஏ.-வும் கோணத்தை அளப்பவை. ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். அதனால் 0.1 மில் கிளிக் ஒன்று 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர் நகர்த்தும். ஒரு எம்.ஓ.ஏ. அதே தூரத்தில் 2.9 சென்டிமீட்டர், கால் எம்.ஓ.ஏ. கிளிக் 7 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு மில் 3.44 எம்.ஓ.ஏ.

குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை

இதற்குள் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஒன்று, குரூப்பே, அதாவது ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டமே, அகலமாகச் சிதறுவது. இன்னொன்று, குரூப் இறுக்கமாகவே இருக்கிறது, ஆனால் நேற்று விழுந்த இடத்தில் இன்று விழவில்லை. எது என்று தெரிந்துகொள்ள மூன்று குண்டு போதாது. ஐந்து ஐந்தாக இரண்டு குரூப் சுடுங்கள், நடுவே குழல் ஆறட்டும். மூன்று குண்டு குரூப் நம்மைப் புகழவும் செய்யும், பொய்யும் சொல்லும்.

அப்புறம் கீழேயிருந்து மேலே வாருங்கள். முதலில் ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் இரண்டு ஸ்குரூக்கள். மரக்கட்டை என்றால் பருவம் மாறும்போது மரம் சுருங்கி இவை தளர்வது உண்டு. அடுத்தது பேஸ். பேஸ் ஸ்குரூவைப் பார்க்க, ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கைக் கழற்ற வேண்டுமே என்று சோம்பல்பட்டுப் பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான், தம்பியின் கோளாறு ஒளிந்திருந்ததும் இங்கேதான். ஸ்குரூவையும் துளையையும் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, ஸ்குரூ தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு விட்டு, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். சிவப்பு நிறத்தது வேண்டாம், அப்புறம் கழற்றுவதற்குச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

பள்ளங்கள் வெட்டிய பேஸான ரெயிலில் ரிங்கை வைக்கும்போது அதன் குறுக்குக்கட்டையை ரெயில் பள்ளத்தின் முன்சுவரோடு ஒட்டும்படி முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் தன் எடையால் முன்னால் போகப் பார்க்கும். இடைவெளி விட்டிருந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

ரிங்கின் மேல்மூடிக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். உங்கள் ரிங்கோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும். கைக்கணக்கில் முடுக்குகிறவர்கள் இதைவிட இரண்டு மடங்கு இறுக்கிவிடுவார்கள். இறுக்கினால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஸ்கோப்பின் உடல் மெல்லிய அலுமினியக் குழாய். அதை நசுக்கினால் உள்ளே டரட் நகர்த்தும் எரெக்டர் குழல் தாராளமாக அசைய முடியாது. கிளிக் சத்தம் கேட்கும், ரெட்டிகிள் நகராது. நான்கு குண்டு கழித்து அதிர்ச்சியில் திடீரென்று நகரும். கிளிக் வைத்தாலும் உடனே கேட்பதில்லை என்ற புகார் வந்தால் முதலில் மேல்மூடியை அளவாகத் தளர்த்திவிட்டுச் சுட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் ஸ்குரூத் தலையிலிருந்து ரிங் வரைக்கும், ரிங்கின் ஓரத்திலிருந்து ஸ்கோப் உடல் வரைக்கும் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வையுங்கள். வீட்டம்மாவின் டப்பாவிலிருந்து திருடினால் போதும். கோடு முறிந்திருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. திடலில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் சிதறுகிறதா? தோட்டா மாறியதா என்று பாருங்கள். ஒரே பெட்டி, ஒரே பெயர், ஆனால் லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதி எண், வேறு என்றாலே விழும் இடம் மாறலாம். கடைசியாக மாற்றுச் சோதனை. நம்பிக்கையான வேறொரு ரைஃபிளில் வேலை செய்துகொண்டிருக்கும் ஸ்கோப்பை இதில் பூட்டிச் சுடுங்கள். குரூப் சுருங்கினால் உங்கள் ஸ்கோப்தான் குற்றவாளி. சுருங்காவிட்டால் அதே சிதறலுக்கு இன்னும் இரண்டாயிரம் டாலர் செலவழிப்பதிலிருந்து தப்பித்தீர்கள்.

ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிளில் நல்ல ஸ்கோப் செத்துப்போவது வேறு கதை. அது பின்னால் உதைத்த கையோடு முன்னாலும் உதைக்கும். பெரிய தோட்டாவின் உதையைத் தாங்குகிற சில ஸ்கோப்கள்கூட அந்த இரட்டை உதையைத் தாங்குவதில்லை. ஏர் ரைஃபிளுக்கென்றே தயாரித்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

100 மீட்டரில் சரி, 600-ல் மேலேயோ கீழேயோ போகிறது

முதல் சந்தேகம் கணக்கின் மேல். ரெட்டிகிள் மில்லில் இருந்து, டரட் எம்.ஓ.ஏ.-வில் இருக்கும் ஸ்கோப்கள் இன்னும் விற்பனையில் உண்டு. கண்ணால் ஒரு மில் தாழ்வு என்று பார்த்து, ஒரு மில்லுக்குப் பத்து கிளிக் என்ற பழக்கத்தில் பத்து கிளிக் வைத்தால் கணக்கு உதைக்கும், ஏறத்தாழ 14 கிளிக் வேண்டும். வாங்கும்போதே இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மில்லா எம்.ஓ.ஏ.-வா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பக்கத்தில் படுத்துச் சுடுபவர் எதில் பேசுகிறாரோ அதை வாங்கினால் அவர் சொல்லும் காற்றுக்கணக்கு உங்களுக்கு அப்படியே உதவும்.

இன்னொரு பொடி எழுத்து விஷயம். சில டரட்களில் எம்.ஓ.ஏ. என்று எழுதியிருந்தாலும் உண்மையில் நகர்வது 100 கெஜத்துக்கு ஓர் அங்குலம். அசல் எம்.ஓ.ஏ. 1.047 அங்குலம். கிட்டத்தில் இது தெரியவே தெரியாது. 1000 கெஜத்தில் 30 எம்.ஓ.ஏ. ஏற்றும்போது 14 அங்குலம் கீழே விழும். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் இலக்கில் நடுவட்டமே அரை எம்.ஓ.ஏ.தான், அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 5 அங்குலம்.

டரட்டை ஒரு முழுச் சுற்று கூடுதலாகத் திருப்பிவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு. பூஜ்யம் பூஜ்யமாகத்தான் தெரியும், ஆனால் ஒரு மாடி மேலே இருப்போம். டரட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே போகவிடாமல் நிறுத்தும் ஸீரோ ஸ்டாப் இருக்கும் ஸ்கோப்பில் இது நடக்காது. தூரத்துக்குத் தூரம் டரட்டைத் திருப்பப் போகிறீர்கள் என்றால் ஸீரோ ஸ்டாப்பை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள்.

குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் குழல்வாய் வேகம் சரியாகப் போட்டிருக்கிறதா? தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் அவர்களுடைய சோதனைக் குழலில் எடுத்தது. உங்கள் குழல் குட்டை என்றால் வேகம் குறையும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அளந்து போடுங்கள். குழலின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடுவுக்கு எவ்வளவு உயரம் என்பதையும் அளவுகோலால் அளந்து போடுங்கள், உத்தேசமாகப் போட வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் டரட்டின் மேல் சந்தேகம். அதைத் தீர்க்க உயர இலக்குச் சோதனை ஒன்று போதும். நான் புதிதாக எந்த ஸ்கோப் பூட்டினாலும் செய்வேன்.

ஒன்றேகால் மீட்டர் உயரத் தாளை 100 மீட்டரில் ஒட்டுங்கள். திடலில் 100 என்று பலகை இருப்பதை நம்பாமல் ரேஞ்ச்ஃபைண்டராலோ நாடாவாலோ அளந்துகொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தாளின் மேல் தொங்கவிட்டு, நூலோடு ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். தாளின் அடியில் ஒரு புள்ளி. அதைக் குறிவைத்து ஐந்து குண்டு. பிறகு டரட்டை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்து இன்னும் ஐந்து. இரண்டாவது குரூப் முதல் குரூப்புக்கு ஒரு மீட்டர் மேலே விழும், ஆகவே பின்னால் இருக்கும் மண்மேடு அந்த உயரத்துக்கும் போதுமா என்று முன்கூட்டியே பாருங்கள். கடைசியில் டரட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி மறுபடி ஐந்து. இது முதல் குரூப்போடு கலந்து விழ வேண்டும்.

இரண்டு குரூப்பின் நடுவுக்கு நடு சரியாக 100 சென்டிமீட்டர் இருந்தால் ஸ்கோப் சொன்ன சொல் காக்கிறது. 98 என்று வந்தால் இரண்டு விழுக்காடு குறைவாக ஏறுகிறது. 800 மீட்டரில் 8 மில் ஏற்றும்போது அந்த இரண்டு விழுக்காடு 13 சென்டிமீட்டர் ஆகிவிடும். இதற்காக ஸ்கோப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாலிஸ்டிக் செயலியில் திருத்தம் போட ஓர் இடம் இருக்கும், அங்கே 0.98 போட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தால், அல்லது பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் மட்டும் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய கேஸ்.

தூரம் கூடக் கூட ஒரே பக்கமாக விலகுகிறது

காற்றைப் படிக்கத் தெரியாததைச் சாய்வின் மேலும், சாய்வைக் காற்றின் மேலும் போடுவது வழக்கம். ரைஃபிள் சாய்ந்திருந்தால் நீங்கள் ஏற்றும் உயரத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் கசியும். 800 மீட்டரில் 8 மில் என்பது 6.4 மீட்டர் ஏற்றம். ஒரு டிகிரி சாய்வுக்கு 11 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும், மூன்று டிகிரிக்கு 33. மூன்று டிகிரி சாய்வைக் கண்ணால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் சரிவான தரையில் படுத்திருக்கும்போது.

அதனால் நெடுந்தூரத்துக்குச் சுடும் ரைஃபிளில் ஒரு சின்ன ரசமட்டம் ஸ்கோப் குழாய் மேல் இருக்கட்டும். பூட்டும்போது ரைஃபிளை நிமிர்த்தி நிறுத்தி, தூரத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரெட்டிகிளின் நெட்டுக்கோட்டை நூலோடு பொருத்துங்கள். டரட் மூடியின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது கிட்டத்தட்ட சரியாக இருக்கும், அவ்வளவுதான். மூடி நேராக இருந்தால் உள்ளே ரெட்டிகிளும் நேராக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மேலே சொன்ன உயர இலக்கில், நெட்டுக்கோட்டை நூலோடு வைத்துச் சுட்டும் மேல் குரூப் கோட்டை விட்டு ஓரமாக விழுந்தால், ரெட்டிகிளும் டரட்டும் ஒன்றுக்கொன்று கோணலாக இருக்கின்றன.

வலஞ்சுழிக் குழலில் குண்டு தன் சுழற்சியாலேயே கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். 900 மீட்டரில் சில அங்குலங்கள் வரும். அது கோளாறு இல்லை, செயலியில் அதற்கும் இடம் உண்டு.

டரட் மேலே போக மறுக்கிறது

308 வின்செஸ்டர் தோட்டாவில், 100 மீட்டரில் குறியும் குண்டும் சேர வைத்த ஸீரோவிலிருந்து 900 மீட்டருக்குப் போக, குண்டையும் வேகத்தையும் பொறுத்து, 11 மில் பக்கம் வேண்டும். மொத்த நகர்வு 60 எம்.ஓ.ஏ. இருக்கும் ஸ்கோப்பைச் சமமான ரெயிலில் பூட்டினால் மேலே போக இருப்பது பாதி, அதாவது 8.7 மில். 700 மீட்டர் தாண்டியதும் டரட் முட்டிக்கொண்டு நிற்கும்.

முன்பக்கம் தாழ்ந்த 20 எம்.ஓ.ஏ. ரெயில் மாட்டினால் 5.8 மில் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: மொத்தமே 40 எம்.ஓ.ஏ. நகர்வுள்ள வேட்டை ஸ்கோப்பை இந்த ரெயிலில் வைத்தால் 100 மீட்டர் ஸீரோவுக்குக் கீழே இறங்க இடம் போதாமல் போகலாம். குழாய் விட்டம் 30 அல்லது 34 மில்லிமீட்டர் இருந்தால் வெளிச்சம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். அந்த விட்டத்தின் பெரிய பயன் உள்ளே எரெக்டர் ஏறி இறங்கக் கிடைக்கும் இடம்தான். வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை முன்கண்ணாடியும் பூச்சும்.

தலையை ஆட்டினால் குறி நகர்கிறது

ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ரெட்டிகிள் இலக்கின் மேல் நீந்தினால் அதுதான் பேரலாக்ஸ். இலக்கின் பிம்பம் ரெட்டிகிள் இருக்கும் தளத்தில் விழாமல் முன்னாலோ பின்னாலோ விழுகிறது.

இதற்கு மருந்து தேடுமுன் பின்கண்ணாடியில் ரெட்டிகிளை உங்கள் கண்ணுக்குக் கூர்மையாக்கும் வளையமான டயாப்டரைச் சரிசெய்யுங்கள். வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்தபடி, இரண்டு வினாடிக்கு மேல் பார்க்காமல், ரெட்டிகிள் முதல் பார்வையிலேயே கூர்மையாகத் தெரியும் வரை திருப்புங்கள். நீண்ட நேரம் பார்த்தால் கண் தானாகச் சரிக்கட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். இதை ஒருமுறை செய்து பூட்டிவிட்டால் போதும், அதன் பிறகு படம் மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக டயாப்டரைத் தொடாதீர்கள். படத்துக்கான குமிழ் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குமிழில் 100, 200 என்று அச்சிட்டிருக்கும் எண்கள் வெறும் வழிகாட்டி. தலையை ஆட்டிப் பார்த்து, நீச்சல் நிற்கும் இடத்தில் விடுங்கள்.

பக்கக் குமிழ் இல்லாத ஸ்கோப் பல வேட்டைக்காரர்களிடம் இருக்கும். அவற்றில் பேரலாக்ஸ் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் 100 கெஜத்துக்கு வைக்கப்பட்டிருக்கும், சின்ன 22 ரைஃபிளுக்கானவற்றில் 50 கெஜம். அது குறையா? 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, 100-க்கு வைத்தது, மான் 300-ல் நிற்கிறது என்றால் கண் முழுக்க ஓரத்தில் இருந்தாலும் பிழை 4 சென்டிமீட்டருக்குள். மானுக்கு அது பொருட்டே இல்லை. 600 மீட்டர் இலக்கில் நடுவட்டம் தேடுபவருக்கு அதே கணக்கு 10 சென்டிமீட்டர், அவருக்குக் குமிழ் கட்டாயம் வேண்டும். இதற்காகக் காட்டு ரைஃபிளில் கூடுதல் எடை ஏற்றுவது வீண்.

முழு உருப்பெருக்கத்தில் சரி, குறைத்தால் தப்பு

டரட்டைத் திருப்பாமல் ரெட்டிகிளின் கீழ்க்கோடுகளை வைத்தே சுடுபவர்களுக்கு வரும் நோய் இது. உங்கள் ரெட்டிகிள் இரண்டாம் குவியத் தளத்தில், அதாவது ஸ்கோப்பின் பின்கண்ணாடிப் பக்கம், இருக்கிறது. உருப்பெருக்கம் மாறினாலும் அது அளவு மாறாமல் நிற்கும், பின்னால் இருக்கும் படம் மட்டும் பெரிதாகும், சிறிதாகும். அதனால் கோடுகளின் கணக்கு ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் அது கடைசி எண். 24-ல் சரியாக இருக்கும் 3 மில் கோடு, 12-ல் 6 மில்லை அளக்கும். 500 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரே போகும். ஆகவே இது பழுது கிடையாது, வாங்கும்போது கேட்காமல் விட்ட கேள்வி.

முதல் குவியத் தளத்தில் ரெட்டிகிள் படத்தோடு சேர்ந்தே வளரும், சுருங்கும். எந்த எண்ணிலும் கோடுகள் பொய் சொல்லாது. அப்படியென்றால் எல்லோரும் அதையே வாங்கலாமே? காட்டில் உருப்பெருக்கத்தை 4-க்கு இறக்கும்போது அந்த ரெட்டிகிள் சிலந்தி நூலாக மெலிந்துவிடும். அந்தி நேரத்தில் பழுப்பு மரங்களுக்கு நடுவே நிற்கும் பழுப்பு மானின் மேல் அதைத் தேடுவதற்குள் மான் போய்விடும். ஒரே தூரத்தில், ஒரே உருப்பெருக்கத்தில், கிளிக் வைத்துச் சுடும் எஃப்-கிளாஸ்காரர்களுக்கும் இரண்டாம் தளமே வசதி. ஏனென்றால் பெரிய உருப்பெருக்கத்தில் மெல்லிய கோடு கிடைக்கும், நடுவட்டத்தை மறைக்காது. தூரம் தெரியாத எஃகு இலக்குகளை அடுத்தடுத்துச் சுடுகிறவருக்கு முதல் தளம். என் காட்டு ரைஃபிளில் இரண்டாம் தளம்தான், மாற்றும் எண்ணமும் இல்லை.

அந்தியில் இருட்டாகத் தெரிகிறது

ஒன்டாரியோவில் துப்பாக்கி வேட்டை சூரியன் உதிக்க அரைமணி முன்பிருந்து, மறைந்து அரைமணி பின்வரை. மான் நடமாடுவதும் அந்த அரைமணிகளில்தான்.

இருட்டாக இருக்கிறதென்று 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடி வாங்க ஓடாமல், உருப்பெருக்கத்தைக் குறையுங்கள். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 25 மடங்கு உருப்பெருக்கத்தில் 56-ஐ 25-ல் வகுத்தால் 2.2 மில்லிமீட்டர். அந்தியில் கண்மணி 5 மில்லிமீட்டருக்கு மேல் திறந்து காத்திருக்கும், நீங்கள் கொடுப்பது அதில் பாதிகூட இல்லை. சாதாரண 3-9×40 ஸ்கோப்பை, அதாவது 3 முதல் 9 மடங்கும் 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும் உள்ளதை, 6-ல் வைத்தால் 6.7. விலையில் நாலில் ஒரு பங்கு இல்லாதது பிரகாசமாகத் தெரியும். இதைக் கைமாற்றிக் காட்டினால் பலர் நம்ப மறுக்கிறார்கள், அவரவர் பணம் செலவழித்த வருத்தம்.

பூச்சு விஷயத்தில் பணம் நியாயமாகப் பேசும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நூற்றில் நாலு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் பன்னிரண்டு பரப்பு என்று வைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது 61 விழுக்காடு. 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தது இதனால்தான் பெரிய விஷயம். அப்படிப்பட்ட பூச்சின் மேல் பெருவிரல் ரேகையோடு காட்டுக்கு வருகிறார்கள். முதலில் தூரிகையால் தூசைத் தட்டி, பிறகு லென்ஸ் துணியால் துடையுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் மணல் துகள் பூச்சைக் கீறும்.

மானைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்ற புகாரும் இதோடு சேர்ந்ததுதான். கிட்டத்தில் பெரிய எண்ணில் வைத்தால் பார்வைப்புலம் சுருங்கி, ரோமம் மட்டும் தெரியும், அது எந்தப் பாகம் என்று தெரியாது. காட்டில் நடக்கும்போது கடைசிக்கு இறக்கி வையுங்கள். தூரத்தில் தெரிந்தால் ஏற்ற நேரம் இருக்கும். பத்தடியில் புதரிலிருந்து கிளம்பினால் இறக்க நேரம் இருக்காது.

படம் கொதிக்கிறது

வெயிலில் தரையிலிருந்து எழும் கானல், பழுதே இல்லை. உருப்பெருக்கத்தை 15 பக்கம் இறக்குங்கள், கொதிப்பு அடங்கும். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் காற்றையும் சொல்லும். பத்துப் பதினைந்து குண்டுக்குப் பிறகு மட்டும் கொதித்தால் அது உங்கள் குழலின் சூடு. குழல் மேல் நீளமாக ஒரு துணிப்பட்டி கட்டினால் தீரும்.

உள்ளே பனி

வெளிக்கண்ணாடியில் படிவது மூச்சு. கன்னத்தை வைத்தபடி மூக்கால் விடாதீர்கள். துடைத்தும் போகாமல் உள்ளே படிந்திருந்தால் காற்றுப் புகாமல் அடைத்திருந்த முத்திரை போய்விட்டது, வெயிலில் வைத்து உலர்த்தினாலும் அடுத்த குளிரில் திரும்பி வரும். அமெரிக்காவின் ஒரேகான்காரரான மார்கஸ் லியூபோல்ட் மழையில் மங்கிப்போன ஸ்கோப்பால் ஒரு மானைத் தவறவிட்டு, அந்த எரிச்சலில் தாமே ஸ்கோப் செய்ய இறங்கினார் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. 1947-ல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த ஸ்கோப்பில் ஈரக்காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். இன்று மலிவான ஸ்கோப்பிலும் அது உண்டு.

பனியில் நாளெல்லாம் இருந்த ரைஃபிளை நேராக வீட்டுச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் உலோகமெல்லாம் வேர்க்கும். உறைக்குள் மூடியபடியே கொண்டுவந்து, அதுவே மெல்ல அறைச்சூட்டுக்கு வரட்டும்.

புருவத்தில் அரைவட்டக் காயம்

இதை வாங்காதவர்கள் குறைவு. கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே 9 சென்டிமீட்டர் பக்கம் இடைவெளி இருக்க வேண்டும், உருப்பெருக்கம் ஏறும்போது பல ஸ்கோப்களில் அது குறையும். எனவே ரிங்கை முடுக்குமுன் கடைசி எண்ணில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் இயல்பாக வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். படம் ஓரத்தில் கருப்பு இல்லாமல் முழுதாகத் தெரிய வேண்டும். வீட்டில் டி-ஷர்ட்டோடு அளந்துவிட்டு, நவம்பரில் தடித்த ஜாக்கெட்டோடு போனால் அளவு மாறிவிடும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே அளவெடுங்கள், நின்றும் படுத்தும். கழுத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தால் ஸ்கோப் உயரம் அதிகம். ரிங்கை மாற்றுங்கள், அல்லது கட்டையின் கன்னத்தாங்கியை உயர்த்துங்கள். பெரிய முன்கண்ணாடி வாங்கினால் இந்த உயரம் தானாக வந்து சேரும், கூடவே எடையும். எஃப்-கிளாஸின் எஃப்-டி.ஆர். பிரிவில் ஸ்கோப்பும், பைபாட் என்ற இருகால் தாங்கியும் சேர்த்து ரைஃபிள் 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பதால் அங்கே ஒவ்வொரு நூறு கிராமையும் எண்ணுவார்கள்.

திருப்பி அனுப்பத்தான் வேண்டுமா?

மாற்றுச் சோதனையில் தோற்றது, பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை, உள்ளே பனி, குலுக்கினால் ஏதோ உருள்கிறது. இந்த நான்கில் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். ரிங்கைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பை மட்டும் அனுப்புங்கள், கூடப் போன ரிங் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. உயர இலக்குத் தாளைப் படமெடுத்து, அளவைத் தாளிலேயே எழுதி, எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா, எத்தனை குண்டு, ரிங்கை எவ்வளவுக்கு முடுக்கினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். "சரியாகச் சுடவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால், பார்த்தோம், பழுதில்லை என்று அதே பெட்டியில் திரும்பி வரும். மான் பருவத்துக்கு முந்தின மாதம் எல்லோரும் அனுப்புவார்கள், வரிசை நீளும். இலையுதிர்காலம் வரை காத்திருக்காமல் கோடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் ரைஃபிளில் ஸ்குரூ முடுக்கி, பசை வைத்து, மறுநாள் அவனே சுட்டான். ஐந்து குண்டும் ஓர் அங்குலத்துக்குள். பிறகு, "அண்ணை, 25 மடங்கு வரைக்கும் ஏன் வாங்கினன்?" என்று கேட்டான். அவன் காத்திருக்கும் மரமேடையிலிருந்து ஆகத் தூரமாகத் தெரியும் இடம் எண்பது மீட்டர்.